வானத்து உளவாளியைக் காட்டிக்கொடுப்பது குற்றமா?

பொழுது பட்டுக் கொஞ்ச நேரத்தில் சல்லிக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், மினுங்காமல் நகர்கிற வெளிச்சப் புள்ளி ஒன்றாவது கண்ணில் படும். கரை இருண்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் என்பதால்தான் செயற்கைக்கோள் தெரிகிறது. எந்த நட்சத்திரத்தை எந்த நொடியில் கடந்தது என்று சில இரவுகள் குறித்துவந்தால் அதன் பாதையைக் கணித்துவிடலாம். அமெரிக்க இராணுவம் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களின் பாதைகளைப் பகிரங்கமாக வெளியிட்டாலும் தன் உளவுக்கோள்களை விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் பொழுதுபோக்கு அவதானிகள். இது எதிரிக்கு உதவாதா என்று கேட்பவர்கள் 1966ஐ நினைக்க வேண்டும். இங்கிலாந்தின் கெட்டரிங் நகரப் பாடசாலை ஆசிரியர் ஜெஃப்ரி பெரியும் மாணவர்களும் வானொலிச் சமிக்ஞைகளைக் கேட்டே, சோவியத் ஒன்றியம் மறைத்த பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தைக் கண்டறிந்தார்கள். அமெரிக்க உளவுத்துறைக்கு அது பழைய செய்தி, தெரியாதிருந்தவர்கள் பொதுசனங்கள்தான். ராடர் வைத்திருக்கும் வல்லரசுக்கு அவதானியின் தொலைநோக்கி எதற்கு?

நமக்குப் பக்கத்திலும் சாட்சி உண்டு. 2019 மார்ச் 27இல் இந்தியா தன் மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது. சிதறல்கள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்று இந்திய அரசு சொன்னது. நெதர்லாந்து அவதானி மார்கோ லாங்புரூக், இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட காணொளியில் தெரிந்த எண்களையே எடுத்துக் கணக்குப் போட்டு, ஏவுகணை கீழிருந்து மேல்நோக்கி மோதியதைக் காட்டினார். துண்டுகள் உயரே வீசப்பட்டதன் காரணம் அதுதான். ஓராண்டு கழிந்தும் சில சுற்றிக்கொண்டிருந்தன. அரசின் கூற்றைப் பொதுசனங்கள் சரிபார்க்க இப்படியானவர்கள் வேண்டாமா? வல்லரசு அல்லாத ஆயுதக் குழுக்கள் அவதானிகளின் தகவலைப் பயன்படுத்தினால் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனால் உளவுக்கோள் வரும் நேரம் தெரிந்து ஒளிந்துகொள்ளலாமே தவிர, அதைத் தாக்க அவர்களால் ஆகாது.

தனி ஆட்களின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்போது மட்டும் இந்த நியாயம் செல்லாது. 2022 ஓகஸ்டில் சீன அரசின் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது, நம் கடலில் இருப்பிடம் காட்டும் தானியங்கி அடையாளக் கருவியை அணைக்கக்கூடாது என்று இலங்கை நிபந்தனை போட்டது. அரச கப்பலுக்கு அது பொருத்தம். ஆனால் மீனவரின் பலநாள் கலங்களிலும் இருப்பிடம் காட்டும் செய்மதிக் கருவி உண்டு. கலத்தின் இருப்பிடம் கடற்றொழில் திணைக்களத்துக்குத் தெரியட்டும். எவரோ அதை ஊருக்கெல்லாம் போட்டுவிட்டால் மீன் பட்ட இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எரிபொருளைச் செலவழித்துத் தேடியவருக்கே நட்டம்.