அணுவை நோக்குவது யார்?



பார்ப்பவன் இல்லாவிடில் உலகம் உறுதியான வடிவம் பெறாது என்றும், இதனை இக்காலப் பௌதிகவியலே மெய்ப்பித்துவிட்டது என்றும் பலர் பேசக் கேட்கின்றோம். கலைப் பட்டதாரியாகிய நான் இப்பொருளை எடுத்துக்கொண்டது துணிவு என்று சிலர் எண்ணலாம். ஆனால் பாடசாலை அதிபரிடம் பிள்ளைகள் பாடம் பிரித்துக் கேள்வி கேட்பதில்லை. கேட்டதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு கூற முற்படுகின்றேன்.

1900ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர், வெப்பமுற்ற பொருள் சக்தியைத் தொடர்ந்த ஒழுக்காக அன்றிச் சொட்டுச் சொட்டாகவே வெளியிடுகின்றது எனக் கொண்டு தம் கணக்கை முடித்தார். ஆங்கிலத்தில் குவாண்டம் எனப்படும் அதனை நம் நாட்டுத் தமிழ் நூல்கள் சத்திச்சொட்டு என்று அழைத்தன. அழகிய சொல், வழக்கில் நிலைத்திருக்கலாம். இக்கொள்கையின்படி, அணு ஒன்று ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும் இடைவேளையில் இரு நிலைகளும் கலந்த தன்மையோடு இருக்கும். அளந்து பார்த்தாலோ, ஒன்று இங்கிருக்கும், அல்லது அங்கிருக்கும். கலப்பு ஏன் மறைந்தது? அளந்ததனால் என்றால், அளப்பது எது? கருவியா, மனமா? இக்கேள்வியே எல்லா விவாதத்துக்கும் வேர்.

இதனை விளக்கச் சென்னையில் பயின்ற ஒருவரின் ஆய்வு பெரிதும் உதவுகின்றது. கோட்டயத்துக்கு அருகே பள்ளம் என்னும் ஊரில் 1931இல் பிறந்த ஜார்ஜ் சுதர்சன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கற்றவர். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கியவர். 1977இல் அவரும் வைத்தியநாத் மிஸ்ராவும் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இடைவிடாது நோக்கப்படும் அணு மாறாது அப்படியே நின்றுவிடும் என்று கணித வழியே காட்டிற்று. பறக்கும் அம்பு கணந்தோறும் ஓரிடத்தில் நிற்கின்றதே, அது எங்ஙனம் நகரும் என்று வினவிய பண்டைக் கிரேக்க ஞானி சீனோவின் பெயரை இவ்விளைவுக்குச் சூட்டினர்.

மந்திரம் போல் தோன்றும் இதில் மந்திரம் ஏதும் இல்லை. அணு மாறத் தொடங்கும் வேளையில், மாறியிருப்பதற்கான வாய்ப்பு நேரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளரும். நேரம் பத்திலொன்றானால் வாய்ப்பு நூறிலொன்றாகும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அணு பெரும்பாலும் பழைய நிலையிலேயே அகப்பட்டு, தன் பயணத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகின்றது. ஆகவே பத்து முறை அளந்தாலும், மொத்தத்தில் மாறும் வாய்ப்பு முன்னிருந்ததில் ஏறத்தாழப் பத்திலொன்றே. அளவைகள் பெருகப் பெருக மாற்றம் அருகும்.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இற்றானோ, வைன்லாண்ட் முதலியோர் ஏறக்குறைய 5,000 பெரிலியம் அயன்களைப் பொறியிற் சிறைப்படுத்தி இதனைச் சோதித்தனர். 256 மில்லிசெக்கன், அதாவது கால் செக்கன் அளவு, ரேடியோ அலை பாய்ந்தால் அயன்கள் யாவும் மறுநிலைக்குச் செல்லும். அக்காலத்துக்குள் லேசர் ஒளித்துடிப்புகளைச் சமஇடைவெளியிற் பாய்ச்சினர். நான்கு துடிப்புகளாயின் எட்டில் மூன்று பங்கு அயன்களே மாறும் என்பது கணக்கு. அறுபத்துநான்காயின் நூற்றுக்கு நான்கு கூட இல்லை. சோதனையும் கணக்கை ஒட்டியே அமைந்தது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயன்களை இடையிடையே ‘நோக்கியது’ லேசர் ஒளி. அருகிருந்து உற்றுப் பார்த்த மனிதர் எவருமிலர். நோக்குதல் என்னும் சொல் நம்மை மயக்கிவிட்டது. தொடுதல் என்று வைத்திருந்தால் இத்தனை குழப்பம் நேர்ந்திராது.

மனத்துக்கு இடமளித்த பேரறிஞர்களும் இருந்தனர் என்பது உண்மை. 1961இல் யூஜின் விக்னர், அளவை முற்றுப்பெறுவது உணர்வுள்ள ஒருவர் அறியும்போதே என எழுதினார். பின்னாளில் அக்கருத்தை அவரே கைவிட்டார். றோஜர் பென்றோஸ் என்பவர் மூளைக் கலங்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களிலேயே உணர்வு பிறக்கின்றது என்பார். அவருக்கு 2020இல் கிடைத்த நோபல் பரிசோ கருந்துளை பற்றிய கணிதத்துக்கு உரியது, இதற்கன்று. வெதுவெதுப்பான மூளையில் அத்தகைய கலப்புநிலை ஒரு செக்கனின் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமும் நிலைக்காது என 2000இல் மாக்ஸ் தெக்மார்க் கணித்தார். பென்றோஸ் அணியினர் அக்கணக்கை மறுத்தனர்; வழக்கு முடியவில்லை.

இவை அறிஞர்களோடு நின்றால் நான் இங்கு பேச வந்திருக்கமாட்டேன். எங்கள் புதுக்குடியிருப்பிலும் அயலூர்களிலும், 2009இல் முடிந்த போரிற் காணாமற்போன பிள்ளைகளை இன்றும் எதிர்பார்த்திருக்கும் தாய்மார் உளர். அவர்களுள் ஒருவரிடம், மகனை இடைவிடாது நினைத்தால் அந்நினைவு குவாண்டம் வழியே அவனைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று சொல்லிக் கட்டணமும் பெற்றிருக்கின்றார் ஒருவர். அவர் பெயர் நமக்கு வேண்டா. அத்தாய் என்னிடம் வந்து கேட்டார்: “சேர், நான் நினைச்சது காணாதோ?”

காணாது என்று சொல்ல இவ்விஞ்ஞானத்தில் ஒரு வரியும் இல்லை, அம்மா என்றேன். தொலைவிலுள்ள இரு துகள்கள் பிணைந்து நடப்பதைக் காட்டிய சோதனைகளுக்கு 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது; அந்தப் பிணைப்பைக் கொண்டு ஒரு சொல்லைக்கூட அனுப்ப இயலாது என்பதும் அதே கொள்கையின் முடிபு. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், மகன் எங்கள் பாடசாலையிற் படித்த ஆண்டின் வரவுப் பதிவேடு இருக்கின்றதா என்று கேட்டார்.

சத்திச்சொட்டும் உணர்வும் ஐயமின்றிச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது நம் கண். 1942இல் ஹெக்ட் முதலிய மூவர், இருளிற் பழகிய கண்ணின் விழித்திரை 5 முதல் 14 ஒளிச்சொட்டுகளை உறிஞ்சினாலே அம்மனிதர் ஒளியைக் கண்டதாகச் சொல்வார் எனக் கணித்தனர். ஒளிச்சொட்டு ஒரு மூலக்கூற்றின் வடிவத்தை மாற்றி, அது மின்குறியாகி, நரம்பு வழியே மூளையை அடையும் பாதையை இன்று படிப்படியாக வரைந்து காட்ட முடிகின்றது. அப்பாதையின் முடிவில் ‘நான் கண்டேன்’ என்னும் உணர்வு எங்ஙனம் எழுகின்றது என்பதற்கு மட்டும் படம் இன்னும் வரையப்படவில்லை.