முத்து நெடுமாறனின் எழுத்துருப் பணியும் திருப்பெரும்புதூர்க் கைப்பேசிகளும்

திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் உருவாகும் ஐபோன்களில் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துரு இடம்பெறுகிறது. பெயரின் இறுதிப் பகுதி, அதனை வடிவமைத்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் தலைப்பெழுத்துகளாகும். இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றை ஏற்றுமதிக் கணக்காக மட்டும் எழுதினால் இப்பங்களிப்பு விடுபட்டுப் போகும். 1985இல் தனிக்கணினிக்கென அவர் தொடங்கிய முயற்சியே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளாக வளர்ந்தது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும். ஒலிப்பிலோ மெய் முன்னும் உயிர் பின்னும் வரும். தட்டச்சுப்பொறியில் கொம்பு, ககரம், கால் என மூன்றையும் தட்டுபவரே வரிசைப்படுத்த வேண்டும். அஞ்சல் விசைமுறையில் ஒலிப்பின்படி தட்டினால் போதும். குறிகளை உரிய இடத்தில் அமைப்பது மென்பொருளின் பொறுப்பு. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான அவரது ‘செல்லினம்’, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழிசெய்திருந்தது.