வீட்டுத் தோட்டத்தில் தக்காளி ரகங்களின் விளைவை அறியும் முறை

கொல்லையில் பத்துத் தக்காளிச் செடிகள் வைத்திருப்பவரிடம் எந்த ரகம் அதிகமாகக் காய்க்கும் என்று வினவினால், அவர் தயங்காமல் ஒரு செடியைச் சுட்டிக் காட்டுவார். அது பெரும்பாலும் வாய்க்காலை அடுத்தோ பாத்தியின் ஓரத்திலோ நிற்கும். ஓரச் செடிக்கு வெளிச்சமும் வேரோட இடமும் மிகுதியாதலின், அதன் காய்ப்பு முழுவதும் ரகத்தின் குணமன்று. அந்த ஒரு செடியை நம்பிப் பணியாளர் ஒருவர் ஊருக்கெல்லாம் அதன் விதையைச் சிபாரிசு செய்வாராயின், சிறு நிலமுடைய குடும்பங்கள் பல ஒரு பருவத்தையே இழக்க நேரிடும்.

செடிக்கு எத்தனை கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். இது பெரிதும் ஏமாற்றும் கணக்காகும். புது தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா ரூபி, பூசா எர்லி டுவார்ஃப் என்னும் இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிற்கும் இம்ப்ரூவ்டு மீரூட்டி என்ற ரகம் ஒரு பெற்றோராகும். எனினும் முன்னது தொடர்ந்து வளர்ந்து படர்வது, பின்னது குட்டையாக நின்றுவிடுவது. இத்தகைய இரு வகைகளுக்கும் ஒரே அளவு இடம் போதாது. உதாரணமாக, குட்டை ரகத்தை 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டுச் செடிக்கு 2 கிலோ கிடைத்ததென்றும், படரும் ரகத்தை 90-க்கு 60 சென்டிமீட்டரில் நட்டு 3 கிலோ கிடைத்ததென்றும் கொள்வோம். செடிக் கணக்கில் படரும் ரகமே வென்றது. ஆனால் சதுர மீட்டர் ஒன்றுக்குக் குட்டை ரகம் ஏறக்குறைய 7.4 கிலோவும், மற்றது 5.6 கிலோவுமே தந்துள்ளன. இடம் குறைந்த வீட்டுக்காரருக்கு எது பயன்படும் என்பது இப்போது விளங்கும்.

மற்றொரு பிழையை நல்ல ஆசிரியர்களும் செய்கின்றனர். ஆறு செடிகள் நட்டு, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோயால் இரண்டு மடிந்து, எஞ்சிய நான்கும் 12 கிலோ தந்தால், நான்கால் வகுத்து 3 கிலோ என்று எழுதுகின்றனர். நட்டவை ஆறு; ஆகவே விடை 2 கிலோவே. நோய்க்கு இடங்கொடுப்பதும் ரகத்தின் இயல்புகளுள் ஒன்றன்றோ? வெடித்த பழங்களையும் புழு துளைத்தவற்றையும் தனியே நிறுத்து எழுதுதல் வேண்டும். அவற்றை விளைச்சலோடு கூட்டலாகாது.

நடும் முறையும் முக்கியமாகும். ஒரு ரகத்தைக் கிணற்றுப் பக்கமும் மற்றதை வேலிப் பக்கமும் நட்டால், சோதிக்கப்படுவது மண்ணேயன்றி ரகமன்று. பாத்தியைப் பல சிறு கட்டங்களாகப் பிரித்து, எதில் எந்த ரகம் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்பது நலம். மாணவர்களுக்கு இது மிகவும் பிடித்த வேலை. ஓரத்தைச் சுற்றிலும் ஒரு வரிசை காவற்செடி வைத்து, அதன் பழத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். நாற்றுகள் ஒரே நாளில் விதைத்தவையாயிருத்தல் அவசியம்.

ஒரு பருவத்துச் சோதனை மறுபருவத்துக்குப் பொருந்தாது. இரவு உஷ்ணநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கையில் தக்காளி நன்கு காய் பிடிக்கும். அதனினும் மிகக் குளிர்ந்தாலோ வெம்மை மிகுந்தாலோ பூக்கள் உதிரும். வட இந்தியச் சமவெளியின் குளிர்காலத்திற்காகவே பூசா சீதல் என்ற ரகம் உருவாக்கப்பட்டது. அதனை வெப்பமான இரவுகளில் சோதித்துப் பயனற்றதென்று தள்ளுவது நியாயமன்று.

பறிக்கும் நாள்தோறும் எடையைத் தேதியுடன் குறித்து வந்தால் மற்றொரு செய்தியும் புலப்படும். சில ரகங்கள் சில வாரங்களுக்குள் முழுவதையும் தந்து ஓய்ந்துவிடும். சில, சிறிது சிறிதாக நெடுநாள் தரும். அன்றாடச் சமையலுக்குப் பின்னதே வசதி, ஊறுகாய்க்கோ முன்னது. மொத்த எடை சமமாயிருப்பினும் வீட்டுக்காரர் இரண்டையும் சமமாக மதிக்கமாட்டார்.

கலப்பின விதையில் வென்ற செடியின் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபருவம் விதைக்கலாகாது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து செடிகள் பலவிதமாக வரும். இதனை வீட்டுக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும்.