எரிமலை ஏற்றிவந்த கற்கள்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே திருவரங்கத் தீவு தெரியும். நிற்பது கல்லின் மேல். பார்ப்பது மணல் திட்டை. இரண்டுமே பூமியின் மேலோட்டைச் சேர்ந்தவை. அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு பிடி மணல் அள்ளினால், கண்ணாடித் துணுக்குகள் போல் மின்னுவது குவார்ட்ஸ். மேலோட்டில் மலிந்த இக்கனிமம், அதன் அடியிலுள்ள கவசம் என்னும் அடுக்கில் அநேகமாக இல்லை.

இது எப்படித் தெரியும்? தமிழகத்தின் கீழே மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தஞ்சாவூர்ச் சாலையைச் செங்குத்தாகக் கீழே திருப்பினால், தஞ்சையை எட்டுமுன்பே கவசத்துக்குள் போய்விடுவோம்! ஆனால் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது.

நம்மால் போக முடியாத இடத்திலிருந்து எரிமலைகள் கற்களைக் கொண்டுவருகின்றன. ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் வஜ்ரகரூர் என்றோர் ஊர் உண்டு. மழை பெய்து ஓய்ந்ததும் மக்கள் வயல்களில் வைரம் தேடுவார்கள். அங்கே ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன், கிம்பர்லைட் என்னும் பாறைக் குழம்பு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து பீறிட்டு எழுந்தது. வெள்ளம் கரையோர மரங்களைப் பெயர்த்து வருவதுபோல, வழியிலிருந்த கவசப் பாறைகளையும் அது பெயர்த்து வந்தது. இத்துண்டுகள் கனமானவை, குழம்பு மெதுவாக ஏறியிருந்தால் வழியிலேயே அமிழ்ந்திருக்கும்.

இளம்பச்சை ஆலிவின், பைராக்சீன், சிவந்த கார்னெட் ஆகியவையே இவற்றின் முக்கியக் கனிமங்கள். கார்னெட்டும் பைராக்சீனும் அலுமினியத்தைப் பங்கிட்டுக்கொண்டுள்ள அளவைக் கொண்டு, கல் எவ்வளவு அழுத்தத்தில், அதாவது எந்த ஆழத்தில் இருந்தது என்று கணக்கிடலாம்.

இன்னும் சுவையானது வேறொன்று. குச்சி ஐஸை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிடும். வெளிறிய பனிக்கட்டி குச்சியில் மிஞ்சும். கவசப் பாறையும் முழுதாக உருகுவதில்லை. சிறிது உருகும்போது கால்சியம், அலுமினியம், ஓரளவு இரும்பு ஆகியவை குழம்போடு வெளியேறுகின்றன. மிஞ்சும் பாறையில் மெக்னீசியம் மிகுந்திருக்கும். பழைய கண்டங்களின் அடியிலிருந்து வந்த துண்டுகள் பெரும்பாலும் இத்தகைய எச்சங்களே.

இந்த உருகல் எப்போது நடந்தது? அதற்கும் கடிகாரம் உண்டு. ரீனியம் கதிரியக்கத்தால் மெல்ல மெல்ல ஆஸ்மியமாக மாறுகிறது. பாறை உருகும்போது ரீனியம் குழம்போடு போய்விடும். ஆஸ்மியம் எச்சத்தில் தங்கிவிடும். எனவே அதன் பிறகு அக்கல்லில் புதிய ஆஸ்மியம் அநேகமாகச் சேர்வதில்லை. அந்தக் கணமே கடிகாரம் நின்றுபோகிறது! தென்னாப்பிரிக்கக் கிம்பர்லைட்டுகளில் கிடைத்த பல துண்டுகள் இப்படி 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய வயதைக் காட்டியுள்ளன.

கடலடித் தரையோ பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகளுக்குள் மீண்டும் பூமிக்குள் புதைந்துவிடுகிறது. கண்டத்தின் பழைய அடிப்பகுதி மட்டும் ஏன் புதையவில்லை? விடை அந்த எச்சத்திலேயே இருக்கிறது. இரும்பை இழந்ததால் அது எடை குறைந்தது. நீரை இழந்ததால் இறுகியது. ஆகவே கட்டுமரம் போல மேலுள்ள நிலத்தைத் தாங்கி நிற்கிறது.

எச்சம் என்றும் எச்சமாகவே இருப்பதுமில்லை. சில துண்டுகளில் பொட்டாசியம் மிகுந்த அபிரகத் தகடுகள் காணப்படுகின்றன. உருகி வெளியேறிய பொருள் இவ்வளவு பொட்டாசியத்தை விட்டுச் சென்றிருக்க முடியாது. பிற்காலத்தில் ஆழத்திலிருந்து கசிந்த திரவங்களும் குழம்புகளும் விரிசல்களில் ஊறி, இழந்தவற்றுள் சிலவற்றை மீண்டும் சேர்த்துள்ளன.