ஆகாயத்தில் ‘புலி வருகிறது!’

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து ஜனங்களுக்குப் புயல் கூண்டைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று வானிலைக் காரியாலயத்தார் அறிவித்ததும், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடுகிறது. அது ஒன்றாம் எண்ணா, மூன்றாம் எண்ணா என்று விசாரித்துக்கொண்டுதான் படகுக்காரர்கள் மேற்கொண்டு யோசிக்கிறார்கள்.

கூண்டு ஏறிய ஒவ்வொரு தடவையும் புயல் வந்துவிடுகிறதா என்றால், இல்லை. 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். வேளச்சேரிவாசிகள் தங்கள் மோட்டார் வண்டிகளையெல்லாம் மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். 15-ஆம் தேதி மழை கொட்டியது வாஸ்தவம். ஆனால் 16-ஆம் தேதிக்கென்று எல்லோரும் பயந்திருந்த பெருமழை பெய்யவில்லை. காற்றழுத்த மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையேறிவிட்டது. உடனே பரிகாசம் பிறந்தது. எச்சரிக்கை பொய்த்தால் அன்றைக்கு ஏற்படும் நஷ்டம் சொற்பந்தான். அடுத்த எச்சரிக்கையைக் கேட்பவன் மனத்தில் அது விட்டுச் செல்லும் அலட்சியம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

எண்ணூர்க் கடலையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரி 28-ஆம் தேதி விடியுமுன், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, சரக்கை இறக்கிவிட்டுப் புறப்பட்ட ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்னும் எரிவாயுக் கப்பலும், எண்ணெய் ஏற்றி வந்த ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய கரிய எண்ணெயை ஜனங்கள் வாளிகளால் மொண்டு மொண்டு எடுத்த காட்சியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய கப்பல்களில் ராடார் இருக்கவேண்டும், தம் பெயரையும் இருக்குமிடத்தையும் தாமே அறிவிக்கும் கருவியும் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. வேறொரு கப்பல் மிகவும் நெருங்கினால் மணி அடிக்கும். அன்றைய விபத்துக்கு அந்த மணியைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. ஆயினும், மீன்பிடி படகுகள் மொய்க்கும் ஒரு துறைமுக வாயிலில் அந்த மணி ஓயவே ஓயாது. ஓயாத மணியை எவன் காதில் போட்டுக்கொள்வான்?

கடலிலாவது கப்பலின் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆகாயத்தில் அதற்கு அவகாசமில்லை. 1996 நவம்பர் 12-ஆம் தேதி மாலை, டில்லியிலிருந்து புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்த ஸவூதி அரேபிய விமானமும், டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே மோதின. முன்னதை 14,000 அடியிலும் பின்னதை 15,000 அடியிலும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். பின்னது தன் உயரத்தை விட்டு இறங்கிவிட்டது. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நீதிபதி லஹோட்டி விசாரணை நடத்தினார். அந்த விபத்துக்குப் பின்புதான் நம் நாட்டு வானத்தில் பறக்கும் பெரிய விமானங்களில் மோதல் தடுப்பு யந்திரம் கட்டாயமாயிற்று.

‘டிகாஸ்’ என்று விமானிகள் அழைக்கும் இந்த யந்திரம் செய்கிற காரியம் வேடிக்கையானது. ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தடவை, 1,030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் “யார் அங்கே?” என்று அது கூவுகிறது. சுற்றிலும் உள்ள விமானங்களின் கருவிகள் 1,090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் உயரத்தைப் பதிலாகச் சொல்கின்றன. பதில் வந்து சேரும் நேரத்தைக்கொண்டு தூரத்தை யந்திரம் கணக்கிட்டுவிடுகிறது. ஆபத்து என்று தோன்றினால் முதலில் “டிராபிக், டிராபிக்” என்று உஷார்ப்படுத்தும். பிறகும் நெருங்கினால் “கிளைம்ப், கிளைம்ப்” என்றோ “டிஸெண்ட், டிஸெண்ட்” என்றோ கட்டளையிடும். எதிர் விமானத்திலும் யந்திரம் இருந்தால் இரண்டும் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும். பதில் கருவி இல்லாத விமானம் மட்டும் இதன் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கும் சில சமயம் வீண் பயம் உண்டாகிறது. ஒரு விமானம் 10,000 அடியில் நேராகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,000 அடியில் நிற்கும்படி உத்தரவு பெற்ற இன்னொரு விமானம் நிமிஷத்துக்கு 3,000 அடி வீதம் ஏறி வருகிறது. அது 8,500 அடியைத் தொடும்போது யந்திரத்தின் கணக்குப்படி அரை நிமிஷத்தில் மோதல்! இன்னும் 500 அடியில் நிற்கப்போகிறோம் என்ற விமானியின் எண்ணம் யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அது கத்திவிடுகிறது. ஆகையால்தான், நிற்க வேண்டிய உயரத்துக்கு 1,000 அடி இருக்கும்போதே ஏறும் வேகத்தை நிமிஷத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துக்கொள்ளும்படி விமானிகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

இதை வேண்டாத எச்சரிக்கை என்று சொல்லலாமே தவிர, பொய் என்று சொல்ல முடியாது. அங்கே ஒரு விமானம் இருக்கத்தான் செய்கிறது. முழுப் பொய்யும் உண்டு. பழுது பார்க்கும் கொட்டகையில் நிற்கும் விமானத்தின் பதில் கருவியைப் பரிசோதிப்பவர்கள், அது உயரத்தில் பறப்பதுபோல் பாவனை செய்யவைத்தால், மேலே போகிறவர்களின் யந்திரம் அதை நம்பி அலறும். தன் சொந்தப் பதிலையே கேட்டுத் தன் நிழலைக் கண்டு மிரளும் குதிரையைப் போல் மிரண்ட யந்திரங்களும் உண்டு.

அமெரிக்காவில் நடந்ததுதான் விபரீதம். 2025 ஜனவரி 29-ஆம் தேதி இரவு, வாஷிங்டன் நகரத்து விமான நிலையத்தில் இறங்க வந்த பிரயாணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டார்கள். தரையை ஒட்டிய உயரத்தில் ‘ஏறு, இறங்கு’ என்ற கட்டளையை இந்த யந்திரம் இடுவதில்லை. “டிராபிக்” என்று மட்டும் சொல்லியது. ஒரு மாதம் சென்று, மார்ச் 1-ஆம் தேதி, அதே நிலையத்தை நெருங்கிய பல விமானங்களில் இல்லாத விமானத்தைக் காட்டி யந்திரம் எச்சரித்தது. ட்ரோன்களைத் தடுக்கும் சாதனம் ஒன்றை அரசாங்கப் பாதுகாப்பு இலாகாவினர் அண்டையில் பரிசோதித்ததே காரணம் என்று செனட் சபை விசாரணையில் கூறப்பட்டது. ஜனவரியில் உற்றாரைப் பறிகொடுத்த ஊரில், மார்ச்சில் அந்தக் குரலைக் கேட்ட விமானிகளின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்!

அப்படியானால் யந்திரத்தை நம்புவதா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2001 ஜனவரி 31-ஆம் தேதி ஜப்பானில், தரையிலிருந்த அதிகாரி விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு விமானி ‘ஏறு’ என்ற யந்திரத்தின் சொல்லைத் தள்ளிவிட்டு அதிகாரியின் சொல்லைக் கேட்டு இறங்கினார். இரு விமானங்களிலும் 677 பேர், மயிரிழையில் தப்பினார்கள். சுமார் நூறு பேருக்குக் காயம். மறு வருஷம் ஜூலை 1-ஆம் தேதி இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகரருகே அதே குழப்பம். இந்தத் தடவை தப்பவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பலர் உட்பட 71 பேர் மடிந்தார்கள். தரை அதிகாரியின் உத்தரவு வேறாக இருந்தாலும் யந்திரத்தின் கட்டளைப்படியே நடக்கவேண்டும் என்று 2003-இல் சர்வதேச விதி தெளிவாக்கப்பட்டது. முதலில் கீழ்ப்படி, அப்புறம் விசாரி என்பதே இப்போதுள்ள முறை. ஒரு விமானம் ஏற, மற்றது சந்தேகப்பட்டு இறங்கினால், யந்திரமே இல்லாமல் இருந்ததைவிட நிலைமை மோசமாகிவிடுமல்லவா?

நமக்குச் சமீபத்திய தொல்லை இன்னொரு யந்திரத்தில் இருக்கிறது. மலையிலும் தரையிலும் மோதாமல் காக்கும் கருவி, ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தைத் தன்னிடமுள்ள பூகோளப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. போலி ஜி.பி.எஸ். அலைகளை எவரேனும் பரப்பினால், நடுவானில் “புல் அப்! புல் அப்!” என்று கூச்சலிடும். உலகத்தின் யுத்தப் பிரதேசங்களில் இது சர்வ சாதாரணமாகி, அலுத்துப்போன விமானிகள் கருவியின் அந்தப் பகுதியை அணைத்துவைப்பதும் உண்டாம். 2025 டிசம்பரில் நமது பார்லிமெண்டில் விமானத்துறை மந்திரி அளித்த பதிலில், டில்லியில் ஜி.பி.எஸ். உதவியால் இறங்க முயன்ற சில விமானங்கள் போலி அலைகளுக்கு ஆளானதாக ஒப்புக்கொண்டார். இடையூறு தெரிவிக்கப்பட்ட நிலையங்களில் சென்னையும் ஒன்று. தரையிலுள்ள பழைய ரேடியோ வழிகாட்டிகளில் ஒரு பகுதியைக் கைவிடாமல் வைத்திருப்பதாகவும் சொல்லப்பட்டது, புத்திசாலித்தனமான காரியம். மீனம்பாக்கத்தை அடுத்துப் பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் நிற்கின்றன. இரவில், மழையில், அங்கே அந்தக் குரல் எழுந்தால், அது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க விமானிக்குக் கிடைப்பது சில வினாடிகள்தான்.