ஆப்பில் வரும் ஆர்டர், கல்லாவுக்குத் தெரியாமல் போவது ஏன்?

மதியம் 1 மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே ஒரு ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். லஞ்ச் பிரேக்கில் வந்த தொழிலாளர்கள் கல்லாவைச் சுற்றி நிற்கிறார்கள். கேஷியர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் டேப்லெட் ஒலிக்கிறது. ஆன்லைன் ஆர்டர், 6 சிக்கன் பிரியாணி. அவசரத்தில் ‘அக்செப்ட்’ பட்டனைத் தட்டிவிடுகிறார். உள்ளே இருந்து மாஸ்டரின் குரல்: “அண்ணே, பிரியாணி முடிஞ்சுடுச்சு!”

ஆர்டர் கேன்சல். சாப்பாட்டுக்காகக் காத்திருந்தவருக்கு பிரேக் நேரம் வீண். கடைக்கு ரேட்டிங் அடி. இதில் கேஷியரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே கடையில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியவில்லை. சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஷிப்டு நேரத்தில் கூட்டம் மொத்தமாக வரும். அப்போதுதான் இந்த இடைவெளி அதிகமாக வலிக்கும்.

இரண்டையும் எப்படி இணைப்பது?

கல்லாவில் இருக்கும் பில்லிங் சாஃப்ட்வேரைத்தான் ‘பிஓஎஸ்’ என்கிறார்கள். பில், வரி, ஸ்டாக், கிச்சனுக்குப் போகும் ‘கேஓடி’ சீட்டு எல்லாம் இதன் வேலை. ஆர்டர் வாங்கும் வெப்சைட்டோ ஆப்போ தனி சாஃப்ட்வேர். இரண்டும் பேசிக்கொள்ள உதவும் வழிதான் ‘ஏபிஐ’.

பேச்சு மூன்று கட்டமாக நடக்கும். முதலில் மெனுவும் விலையும் பிஓஎஸ்ஸிலிருந்து ஆப்புக்குப் போகும். ஆர்டர் விழுந்ததும் ஆப் அதை பிஓஎஸ்ஸுக்கு அனுப்பும், கேஓடி தானாக பிரின்ட் ஆகும். பிறகு ‘ஏற்றாச்சு’, ‘ரெடி’, ‘ஸ்டாக் இல்லை’ என்ற தகவல்கள் கடையிலிருந்து ஆப்புக்குத் திரும்பும். இந்த மூன்றாவது கட்டம் இல்லாத இணைப்பு பாதி இணைப்புதான்.

ஒவ்வொரு ஆப்புடனும் தனித்தனியாக இணைப்பது சிரமம் என்பதால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் போல இயங்கும் நிறுவனங்களும் உண்டு. பெங்களூருவின் அர்பன்பைப்பர் அப்படி ஒன்று. சென்னையின் கோஃப்ரூகல், அகமதாபாத்தின் பெட்பூஜா போன்றவை பிஓஎஸ் சாஃப்ட்வேரையே தருபவை.

எங்கே சொதப்பும்?

முதல் இடம், ஐட்டம் கோடு. ஆப்பில் ‘சிக்கன் பிரியாணி’, பிஓஎஸ்ஸில் ‘சி.பிரியாணி ஃபுல்’ என்று இருந்தால் மனிதருக்குப் புரியும், மெஷினுக்குப் புரியாது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு பக்கமும் ஒரே கோடு இருக்க வேண்டும். ஹாஃப், ஃபுல், எக்ஸ்ட்ரா முட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, நெட் கட். ஆப் ஆர்டரை அனுப்புகிறது, பதில் வராததால் மறுபடியும் அனுப்புகிறது. ஆர்டர் எண்ணைச் சரிபார்க்காத பிஓஎஸ், ஒரே ஆர்டருக்கு இரண்டு கேஓடி அடித்துவிடும். கிச்சனில் 6 பிரியாணி 12 ஆகிவிடும்.

மூன்றாவது, அண்டா. அதில் எத்தனை பிளேட் இருக்கிறது என்று எந்த சாஃப்ட்வேருக்கும் தானாகத் தெரியாது. காலையில் யாராவது எண்ணிக்கையைப் பதிய வேண்டும். கடைசி பிளேட் வரை ஆப்பில் திறந்து வைக்காமல், 10 பிளேட் மீதி இருக்கும்போதே ‘ஸ்டாக் இல்லை’ என்று மாறும்படி வைப்பது பாதுகாப்பு.

ஜிஎஸ்டி கவனம்

2022 ஜனவரி 1 முதல், டெலிவரி ஆப் வழியாக விற்கும் ஹோட்டல் சாப்பாட்டுக்கான 5% ஜிஎஸ்டியை பொதுவாக அந்த ஆப் நிறுவனமே அரசுக்குக் கட்ட வேண்டும். கடையின் சொந்த வெப்சைட்டில் வந்த ஆர்டருக்கும் நேரடி விற்பனைக்கும் கடைதான் கட்ட வேண்டும். ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று பிஓஎஸ் பிரித்துக் குறிக்காவிட்டால், ஒரே பிரியாணிக்கு இரண்டு முறை வரி கட்ட நேரலாம். மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் இது தெரியவரும்.

ஓஎன்டிசி என்ன மாற்றுகிறது?

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஓஎன்டிசி, 2022 ஏப்ரலில் கோவை உட்பட 5 நகரங்களில் சோதனைக்கு வந்தது. இது ஒரு ஆப் அல்ல, பல ஆப்கள் பேசுவதற்கான பொது மொழி. வாங்குபவர் ஒரு ஆப்பிலும் விற்பவர் வேறொரு ஆப்பிலும் இருக்கலாம். ஆனால் கடையின் மெனுவும் ஸ்டாக்கும் சரியாக இல்லையென்றால், இங்கேயும் அதே கேன்சல்தான்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

• ஐட்டத்தை பிஓஎஸ்ஸில் ஆஃப் செய்தால் ஆப்பில் எவ்வளவு நேரத்தில் மறையும்?
• நெட் போனால் பில் போட முடியுமா? வந்த ஆர்டர்கள் என்ன ஆகும்?
• ஆப் ஆர்டருக்கும் நேரடி விற்பனைக்கும் வரி ரிப்போர்ட் தனித்தனியாக வருமா?
• சாஃப்ட்வேரை மாற்றினால் மெனுவையும் விற்பனைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

டெமோவை மதியம் 3 மணிக்கு, கடை காலியாக இருக்கும்போது பார்க்காதீர்கள். லஞ்ச் கூட்டத்தில், டேப்லெட்டின் நெட்டை ஒருமுறை ஆஃப் செய்து பாருங்கள். கேஓடி ஒன்றா, இரண்டா என்று மாஸ்டரே சொல்லிவிடுவார்.