‘ஆசியா’ என்னும் சிறுகோள்: பெயரீடு பற்றிய ஒரு சமூக நோக்கு

விண்பொருள் ஒன்றைக் கண்டறிதல் வானியலாளரின் பணி. அதற்குப் பெயர் வழங்குதலோ அவர் வாழும் சமூகத்தின் உறவுகளையும் உடன்கொண்டு வருவது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையில் 67 ஆம் எண்ணைப் பெற்றுள்ள ‘ஆசியா’வின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம்.

சிறுகோள்களின் பெயர்கள் தொடக்கத்திலிருந்தே பிணக்குக்குரியனவாய் இருந்தன. 1801 ஜனவரி 1 இல் சிசிலியின் பலெர்மோ நகரில் முதலாவது சிறுகோளைக் கண்ட பியாஸி, உரோமரின் பயிர்த் தெய்வமான சீரிஸின் பெயரோடு தம் மன்னர் பேர்டினன்டின் பெயரையும் இணைத்தார். பிறநாட்டு வானியலாளர் மன்னரின் பெயரை ஏற்றிலர். சீரிஸ் மட்டுமே நிலைத்தது. 1850 இல் இலண்டனில் ஹிண்ட் தாம் கண்ட சிறுகோளுக்கு ‘விக்டோரியா’ எனப் பெயரிட்டபோது, அது ஆளும் அரசியின் பெயரென அமெரிக்க வானியலாளர் சிலர் மறுத்தனர். உரோமரின் வெற்றித் தெய்வத்துக்கும் அதுவே பெயர் என்னும் விளக்கம் அப்பெயருக்கு அரணாயிற்று.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 இல் கிழக்கிந்தியக் கம்பனி நிறுவிய வானாய்வு நிலையம், கடற்பயணத்துக்கும் புவியியலுக்கும் வேண்டிய அறிவை வளர்க்கும் நோக்குடையது. 1861 இல் அதன் பொறுப்பை ஏற்ற நோர்மன் பொக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17 இல் இச்சிறுகோளைக் கண்டார். ஒளிப்படமுறை இத்துறையிற் பயன்படாத காலம் அது. வானின் ஒரு பகுதியிலுள்ள மங்கிய விண்மீன்களைப் படத்திற் குறித்து, பின்வரும் இரவுகளில் ஒப்புநோக்கி, இடம்பெயரும் புள்ளியைக் கண்ணாற் கண்டறிதல் வேண்டும். பல இரவுகளின் அளவீடுகளைக் கொண்டே பாதை கணிக்கப்படும். ஏறத்தாழ 60 கிலோமீற்றர் விட்டமுடைய ஆசியா, சுமார் 3.8 ஆண்டுகளில் ஞாயிற்றை ஒருமுறை சுற்றுகின்றது.

ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் இதுவே; பெயருக்குக் காரணமும் அதுவே. எனினும், கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு தெய்வமகள் உளள். விக்டோரியாவைப் போன்றே இப்பெயரும் இருபொருள் கொண்டது. கண்டம் வானத்தில் இடம்பெற்றபோதும் ஐரோப்பியப் புராண மரபின் வழியாகவே இடம்பெற்றது எனலாம். பொக்சன் சென்னையிற் கண்ட ஏனைய சிறுகோள்களான சபோ (1864), சில்வியா (1866), கமிலா (1868), வேரா (1885) ஆகியவற்றுள் எதுவும் அம்மண்ணின் மொழிகளிலிருந்து பெயர் பெறவில்லை.

இதனைத் தனிமனிதரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெயரிடும் உரிமை கண்டவருக்குரியது. காணும் கருவியோ குடியேற்ற ஆட்சியின் உடைமை. அந்நிலையத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867 இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 இல் நிகழ்ந்த வெள்ளியின் இடைநகர்வை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் மக்களுக்கு விளக்க முயன்றவர். ஆற்றல் இம்மண்ணில் இல்லாதிருக்கவில்லை, அதிகாரமே இல்லாதிருந்தது.

சென்னை நிலையத்தின் வழிவந்த நிறுவனத்தினது காவலூர் வானாய்வு நிலையத்தில் 1988 இல் இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயரால் அது ‘4130 இராமானுஜன்’ ஆயிற்று. வேராவுக்கும் இதற்குமிடையே கழிந்தவை நூறு ஆண்டுகளுக்கு மேல்.

இன்று பெயர்களைச் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு பரிசீலித்து ஏற்கின்றது. அரசியல்வாதிகள், படைத்தலைவர்கள் ஆகியோரின் பெயர்கள் அவர்கள் இறந்து 100 ஆண்டுகள் கழியுமுன் ஏற்கப்படா. ஆயினும், முன்மொழியும் உரிமை இன்றும் கண்டறிவோருக்கே முதலில் உரியது. ஆதலின், வானத்தின் பெயர்ப்பட்டியலில் எம்மொழிகள் இடம்பெறும் என்னும் வினா, ஆய்வுக் கருவிகள் எவர் கையில் உள்ளன என்னும் வினாவிலிருந்து பிரிக்கவியலாதது என்பதே எமது முடிபாகும்.